'உன் கேம்ல மழை பேஞ்சா என்னடா ஆவும்?' - ஃபார்மிங் கேம்களும் ஒரு ஏக்கர் நெல்லும்

2021 ஜனவரி. பொங்கலுக்கு முந்தைய வாரம். டெல்டாவில் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தின் வாசல். எங்க நெல் குவியல் மேல படுதா போட்டு, நாலு மூலையிலும் செங்கல் வெச்சுட்டு, நானும் அப்பாவும் பக்கத்துலயே கயித்துக் கட்டில் போட்டுக் காவலுக்குப் படுத்திருந்தோம். எங்களுக்கு முன்னாடி இன்னும் இருபது குவியலுக்கு மேல காத்திருந்தது. தூக்கம் வரலை. போனை எடுத்து 'ஸ்டார்டியூ வேலி' விளையாட ஆரம்பிச்சேன்.

அப்பா எட்டிப் பார்த்தார். "என்னடா தம்பி அது?"

"விவசாயம்ப்பா. கேம்."

கொஞ்ச நேரம் கூடவே பார்த்துட்டிருந்தார். திரையில மழை பெய்ஞ்சுட்டிருந்துச்சு. "உன் கேம்ல மழை பேஞ்சா என்னடா ஆவும்?"

"ஒண்ணும் ஆகாதுப்பா. அன்னிக்குத் தண்ணி ஊத்துற வேலை மிச்சம்."

அப்பா சத்தமாச் சிரிச்சுட்டார். அப்புறம் எழுந்துபோய் படுதாவை ஒருதடவை இழுத்துச் சரி பண்ணிட்டு வந்து படுத்தார். விடியக்காலையில மழை வந்துடுச்சு.

லாக்டௌன்ல லேப்டாப்போட ஊருக்கு வந்தவன் நான். அந்த வருஷம் மேட்டூர் அணையை வழக்கமான தேதியான ஜூன் 12-லயே திறந்துட்டாங்க. எட்டு வருஷத்துக்கு அப்புறம் தேதி தவறாமத் தண்ணி வந்ததால ஊரே உற்சாகமா இருந்துச்சு. 'ஒரு ஏக்கரை நான் பார்த்துக்கிறேன்'னு அப்பாகிட்ட வாங்கினேன். ராத்திரியில கேம் விவசாயம், காலையில நிஜ விவசாயம். ரெண்டையும் ஒரே வருஷத்துல பண்ணினவனா, அப்பா கேட்ட கேள்விக்கு இப்போ கொஞ்சம் நீளமா பதில் சொல்லப்போறேன்.

டோக்கியோவுக்குப் போன கிராமத்துப் பையன்

விவசாயத்தையே கேமாக்கலாம்னு முதல்ல பெரிசா யோசிச்சவர் ஜப்பானைச் சேர்ந்த யசுஹிரோ வாடா. கியூஷு தீவில் இருக்கிற மியாசாகி பக்கம் வளர்ந்தவர். வேலைக்காக டோக்கியோ வந்த பிறகு, விட்டுட்டு வந்த கிராமம்தான் அவருக்கு ஞாபகத்துலயே இருந்துச்சு. 1996-ல் 'சூப்பர் ஃபாமிகாம்'ல வந்த அவரோட கேம்தான் பின்னாடி உலகம் முழுக்க 'ஹார்வெஸ்ட் மூன்'ங்கிற பேர்ல பரவுச்சு. ஊரை விட்டு வந்த ஒருத்தர் ஊரை நினைச்சுச் செஞ்ச கேம். இன்னிக்கு வரைக்கும் வர்ற ஃபார்மிங் கேம்கள்ல அந்த ஏக்கம் ஒட்டிக்கிட்டே இருக்கு. அதனாலதான் எல்லா கேம்லயும் வயல் அவ்ளோ அழகா இருக்கு, வயல்காரன் கையில ஒரு வெடிப்புகூட இல்ல.

அப்புறம் 2009-ல் ஃபேஸ்புக்கில் 'ஃபார்ம்வில்' வந்துச்சு. உங்க வீட்டு அக்கா, அண்ணன் யாரையாவது கேளுங்க, 'பக்கத்துத் தோட்டத்துக்கு உதவி பண்ணு'ன்னு ரிக்வெஸ்ட் அனுப்பி உயிரை வாங்கின காலம் அது. உச்சத்தில் மாசம் 8 கோடிப் பேருக்கு மேல விளையாடினாங்க. 2012-ல் ஃபின்லாந்தின் சூப்பர்செல் 'ஹே டே'யைக் கொண்டுவந்தது. 2020 டிசம்பர் 31-ஆம் தேதி ஃபார்ம்வில்லை மூடினாங்க. அன்னிக்கு எங்க வயல்ல புரெவி புயல் விட்டுட்டுப்போன தண்ணி அப்பத்தான் வடிஞ்சிருந்துச்சு.

இடையில 2016 பிப்ரவரியில் 'ஸ்டார்டியூ வேலி'. எரிக் பரோன்ங்கிற ஒரே ஒருத்தர் நாலரை வருஷம் தனியா உட்கார்ந்து படம், இசை, கதை, கோடிங் எல்லாம் பண்ணின கேம். 2024 முடியும்போது 4 கோடிக்கு மேல வித்திருந்துச்சு. கதை ரொம்ப சிம்பிள். பெரிய கம்பெனியில கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து நொந்துபோன ஒருத்தர், தாத்தா எழுதிவெச்ச கடிதத்தைப் பிரிக்கிறார். உள்ளே ஊர்ல இருக்கிற தாத்தாவோட பண்ணை அவருக்குன்னு இருக்கு. பஸ் ஏறிடுறார். ஓ.எம்.ஆர்-ல டிராஃபிக்ல நின்னுட்டு இதை விளையாடுறவங்களுக்கு என்ன தோணும்னு நான் சொல்லணுமா?

2 நிமிஷக் கோதுமை, 110 நாள் நெல்லு

கேம் விவசாயத்துல முதல் பொய் நேரம். 'ஹே டே'ல கோதுமை விளைய 2 நிமிஷம், சோளத்துக்கு 5 நிமிஷம். விளைஞ்சதை ஒரு வருஷம் கழிச்சு வந்து அறுத்தாலும் அப்படியே நிக்கும். ஃபார்ம்வில் அவ்ளோ கருணை காட்டலை. ஸ்ட்ராபெர்ரி 4 மணி நேரத்துல பழுக்கும், நேரத்துக்கு வரலைன்னா வாடிப் போயிடும். அதுக்காகவே ராத்திரி அலாரம் வெச்சு எழுந்தவங்க உண்டு.

ஸ்டார்டியூ இதுல கொஞ்சம் நியாயமானது. கேமோட ஒரு நாள் நமக்கு சுமார் 14 நிமிஷம். ஒரு பருவத்துக்கு 28 நாள், நாலு பருவம் சேர்த்து வருஷத்துக்கு 112 நாள். இங்கதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. நம்ம கோ 51 நெல்லோட வயசு 105-லேருந்து 110 நாள். அதாவது ஸ்டார்டியூல வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம்னு ஒரு முழு வருஷமே ஓடி முடியுற நேரத்துல நம்ம வயல்ல ஒரே ஒரு குறுவைதான் முடியும். கேம்ல அந்த நேரத்துக்குள்ள பத்துப் பதினஞ்சு அறுவடை பார்த்துடுவீங்க. நிஜத்துல ஒண்ணுதான். அந்த ஒண்ணுல தப்பினா அடுத்த வாய்ப்பு அடுத்த போகத்துலதான்.

ஆனா பருவத்தை ஸ்டார்டியூ சரியாப் பிடிச்சிருக்கு. வசந்தகாலப் பயிரை கோடையின் முதல் நாள் வரைக்கும் விட்டுவெச்சா மொத்தமும் செத்துப்போயிடும். புதுசா விளையாடுற எல்லாரும் ஒருதடவை இந்த அடி வாங்கியிருப்போம். 'ஆடிப்பட்டம் தேடி விதை'ன்னு சும்மாவா சொன்னாங்க? டெல்டாவுல மேட்டூர் தண்ணி தாமதமானா நாத்து தாமதமாகும், நடவு தள்ளிப்போகும், அறுப்பு நேரா வடகிழக்குப் பருவமழை வாயில போய் நிக்கும். ஜூன்ல வந்த தாமதத்துக்கு அக்டோபர்ல பில் வரும்.

நெல்லு 30, அரிசி 100

ஸ்டார்டியூல நெல்லும் உண்டு. பலபேர் கண்டுக்காம தாண்டிப் போற பயிர் அது. ஆனா ஒரு டெல்டாக்காரன் கண்ணுக்கு அந்த கேம்லயே ரொம்ப நிஜமான விஷயம் அதுதான்.

கடையில ஒரு நாத்து 40 காசு. எட்டு நாள்ல விளையும். தண்ணிக்குப் பக்கத்துல நட்டா ஆறே நாள், தண்ணி ஊத்தவும் வேண்டாம். இதுவரைக்கும் சந்தோஷம். அறுத்து நெல்லா வித்தா எவ்வளவு கிடைக்கும் தெரியுமா? 30 காசு. நாத்துக்குப் போட்டதே 40. அப்போ யார் நெல்லு போடுவா? மில்லு கட்டினவன் போடுவான். அதே நெல்லை மில்லுல போட்டு அரிசியாக்கினா 100 காசு.

முதல்தடவை இதைப் பார்த்தப்போ போனை அப்பாகிட்ட நீட்டினேன். "இதை எழுதினவன் நம்ம பக்கத்து ஆளா?"ன்னு கேட்டார்.

நிஜத்துல கணக்கு கொஞ்சம் மாறும். கேம்ல ஒரு நெல்லுக்கு ஒரு அரிசி. இங்கே அரசு வெச்சிருக்கிற கணக்குப்படி 100 கிலோ நெல்லை அரைச்சா பச்சரிசின்னா 67 கிலோ, புழுங்கல்னா 68 கிலோ. மீதி தவிடு, உமி. தவிட்டுலேருந்து எண்ணெய் எடுக்குறாங்க, உமியை எரிக்கிறாங்க, குருணைக்கும் விலை இருக்கு. எதுவும் வீணாப்போறதில்ல, ஆனா அதுல எதுவும் வயலுக்குத் திரும்பி வர்றதுமில்ல. ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர் வெச்சிருக்கிறவங்க ஸ்டார்டியூ மாதிரி தச்சரைக் கூப்பிட்டு வீட்டுப் பக்கத்துல மில்லு கட்டிக்க முடியாது.

ஆனா அதே கேம் இன்னொரு பக்கம் பெரிய கற்பனையையும் வெச்சிருக்கு. வீட்டு வாசல்ல ஒரு மரப்பெட்டி. விளைஞ்சதை ராத்திரி அதுல போட்டுட்டுத் தூங்கினா காலையில பணம். ஈரப்பதம் எவ்வளவுன்னு யாரும் பார்க்க மாட்டாங்க, சாக்கு இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. பத்து பார்ஸ்னிப் கிழங்கு போட்டாலும் பத்தாயிரம் போட்டாலும் ஒண்ணுக்கு 35 காசு மாறவே மாறாது. ஊர்ல எல்லாரும் ஒரே நேரத்துல தக்காளி போட்டு, பறிக்கிற கூலிகூடத் தேறாம ரோட்டுல கொட்டுற காட்சி அங்கே கிடையாது.

'ஹே டே' இன்னும் ஒருபடி மேல. அங்கே ரோட்டோரக் கடையில உங்க பொருளுக்கு நீங்களே விலை வைக்கலாம்! கேம் ஒரு உச்சவரம்பு வெச்சிருக்கும், அதுக்குள்ள உங்க இஷ்டம். லாரிக்காரன் கேட்கிற ஆர்டர் பிடிக்கலைன்னா குப்பைத்தொட்டி பட்டனை அழுத்தித் தூக்கிப் போடலாம். விளையவெச்சவனே விலை சொல்ற உலகம். டிராகன் வர்ற கேம்களைவிட இதுதான் பெரிய ஃபேன்டஸி.

கேமுக்கு கைடு, அமைச்சகத்தின் வெப்சைட்

நெல்லைப் பத்தி விளையாடணும்னா ஒரு கேம் இருக்கு. 'சகுனா: ஆஃப் ரைஸ் அண்ட் ருயின்.' 2020 நவம்பர்ல வந்துச்சு. ஜப்பான்ல 'எடெல்வைஸ்'ங்கிற குட்டி டீம் பண்ணினது. சகுனாங்கிற அறுவடைத் தேவதை ஒரு தீவுல மாட்டிக்கிட்டு நெல்லு பயிர் பண்ணணும். பாதி நேரம் பேய்களோட சண்டை, பாதி நேரம் வயல். நெல்லு எவ்ளோ நல்லா விளையுதோ அவ்ளோ பலம் சகுனாவுக்கு. அதனால வயலை ஒப்பேத்திட்டு சண்டைக்கு ஓட முடியாது.

இந்த கேம் வந்தப்போ ஜப்பான்ல ஒரு வேடிக்கை நடந்துச்சு. நெல்லு சரியா விளையலைன்னு புலம்பினவங்க, வழக்கமா தேடுற கேம் கைடுகளை விட்டுட்டு, அந்த நாட்டு விவசாய அமைச்சகத்தோட வெப்சைட்டுல நெல் சாகுபடி பக்கத்தைத் தேடிப் படிச்சாங்க. அது வேலைக்கும் ஆச்சு. நடவு இடைவெளி, தண்ணி மட்டம், எப்போ வயலைக் காயப்போடணும் எல்லாமே நிஜக் கணக்குக்குப் பக்கத்துல இருந்துச்சு.

ஒரு நண்பன் வீட்டுல இதை விளையாடினப்போ மூணு இடத்துல நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முதல்ல விதை. கேம்ல விதைநெல்லைச் சேத்துத் தண்ணியிலயோ உப்புத் தண்ணியிலயோ போட்டுப் பிரிக்கணும். நம்ம ஊர்ல வேளாண்மைத் துறை சொல்ற அதே வித்தை. தண்ணியில ஒரு முட்டையைப் போட்டு, அது மிதந்து மேல்பக்கம் ஒரு நாணயம் அளவுக்குத் தெரியுற வரைக்கும் உப்பைக் கரைச்சுட்டே போகணும். அந்தத் தண்ணியில விதைநெல்லைக் கொட்டினா பதர் மேல வந்துடும், திரட்சியான நெல்லு அடியில தங்கிடும். அப்புறம் ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணியில அலசணும். அலசாம விட்டா முளைப்பு போச்சு. எங்க வீட்டுல முட்டை போட்டப்போ என் தங்கச்சி, "குழம்புக்கு வெச்சிருந்தது அதுதான்"ன்னு சண்டைக்கு வந்தா.

ரெண்டாவது, நடவு. சகுனா நாத்து நடும்போது பின்னாடி பின்னாடிதான் நகருவா. நம்ம வயல்ல நடுற பெண்களைப் பார்த்திருந்தா ஏன்னு புரியும். முன்னாடி நகர்ந்தா நட்ட நாத்தையே மிதிச்சுடுவோம். இதை கேம் பண்ணினவங்க கவனிச்சிருக்காங்க.

மூணாவது, அலுப்பு. ஆரம்பத்துல எல்லாமே கை வேலை. கதிரை ஒவ்வொரு பிடியா குச்சியில இழுத்து நெல்லை உதிர்க்கணும். பட்டனை அழுத்தி அழுத்தி கட்டைவிரல் வலிக்கும், 'எப்படா முடியும்'னு இருக்கும். கொஞ்ச வருஷம் கழிச்சு ஒரு கருவி கிடைக்கும்போது வர்ற நிம்மதி இருக்கே... கதிர் அறுக்கிற மெஷின் முதல்முதலா ஊருக்குள்ள வந்தப்போ தாத்தா என்ன நினைச்சிருப்பாருன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சது.

கட்டைவிரல் வலிக்கும் இடுப்பு வலிக்கும் வித்தியாசம் உண்டு, அதையும் சொல்லிடுறேன். நான் நாத்து நட்டது மொத்தமே ஒன்றரை மணி நேரம். நான் நட்ட வரிசையை ஒரு அக்கா சிரிச்சுக்கிட்டே பிடுங்கித் திரும்ப நட்டாங்க. மறுநாள் குனிய முடியலை. விரல் இடுக்குல சேத்துப்புண் ஆற பத்து நாளாச்சு. அவங்க அதை வருஷத்துக்கு ஒன்றரை மாசம் பண்றாங்க.

டிராக்டர் பிரியர்களுக்கு

'ஃபார்மிங் சிமுலேட்டர்' தனி ரகம். ஸ்விட்சர்லாந்தின் ஜெயன்ட்ஸ் சாஃப்ட்வேர் 2008-லேருந்து வெளியிடுற வரிசை இது. ஜான் டியர், நியூ ஹாலண்ட், குபோட்டான்னு நிஜ கம்பெனி வண்டிகளே உள்ளே இருக்கும். 2019-லேருந்து இதுக்குன்னு ஒரு இ-ஸ்போர்ட்ஸ் லீக்கே நடக்குது. ஐரோப்பாவுல பகல்ல நிஜ டிராக்டர் ஓட்டிட்டு ராத்திரி இதுல டிராக்டர் ஓட்டுற விவசாயிகளும் இருக்காங்க. 2024 நவம்பர்ல வந்த பதிப்புல முதல்முறையா நெல்வயல், எருமை எல்லாம் சேர்த்தாங்க.

இதுல மழை கொஞ்சம் நிஜம். மழை பெய்யும்போது கதிர் அறுக்க விடாது. ஒரே இடத்துல நிறைய வித்தா விலை இறங்கும், மாசத்துக்கு மாசம் விலை மாறும். ஆனா குடோன்ல எவ்ளோ நாள் வெச்சாலும் ஒரு மணி நெல்லுகூட கெடாது. அதனால நல்ல விலை வர்ற வரைக்கும் காத்திருந்து விக்கலாம். நிஜத்துல காத்திருக்கிறது வசதி இருக்கிறவங்களுக்கு மட்டும்தான். நகைக்கடனுக்கு வட்டி ஓடிட்டிருக்கும்போது யாரால காத்திருக்க முடியும்? கேம்ல கடனும் பட்டனை அழுத்தினா வரும். கழுத்துல இருக்கிறதைக் கழட்ட வேண்டியதில்ல.

வேலைக்கு ஆளும் அப்படித்தான். பட்டனை அழுத்தினா அடுத்த நொடி ஒருத்தர் டிராக்டர்ல உட்கார்ந்திருப்பார். அந்த ஜனவரியில வயல் ஈரமா இருந்ததால டயர் வண்டி இறங்கலை. பெல்ட் வண்டிதான் வேணும். பெல்ட் வண்டிக்கு மணிக்கு வாடகை அதிகம், அதுக்கும் ஊரே வரிசையில நிக்குது. புரோக்கருக்கு நாலு நாள் போன் போட்டேன். "வந்துட்டே இருக்கு தம்பி"ங்கிற பதிலை மட்டும் சலிக்காம சொன்னார்.

இந்த கேமுக்கு நான் நன்றி சொல்ல வேண்டிய இடமும் ஒண்ணு இருக்கு. ஐரோப்பிய யூனியன் ஆதரவோட இதுக்கு 'பிரிசிஷன் ஃபார்மிங்'ங்கிற இலவசக் கூடுதல் தொகுப்பு வந்துச்சு. அதுல வயல்ல மண் மாதிரி எடுத்து, எந்த இடத்துக்கு எவ்ளோ சுண்ணாம்பு, எவ்ளோ தழைச்சத்துன்னு பார்த்துப் போடணும். அதை விளையாடினப்புறம்தான் எங்க வீட்டு பீரோவுல மடிச்சு வெச்சிருந்த மண்வள அட்டையை எடுத்துப் படிச்சேன். அதுல எழுதியிருந்ததைவிட அதிகமா நாங்க யூரியா போட்டுட்டிருந்தோம்.

கேமுக்குள்ள வராதவங்க

இவ்ளோ கேம்லயும் ஒரு கேள்வி எங்கேயுமே வராது. நிலம் யாரோடது?

ஸ்டார்டியூல தாத்தாவோடது. ஹே டேல மாமா கொடுத்துட்டுப் போறார். ஃபார்மிங் சிமுலேட்டர்ல வாங்கிக்கலாம். டெல்டாவுல குத்தகைக்கு உழுறவங்க ஏராளம். கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூருக்குப் போயிட்டவங்க நிலம். வாய்வார்த்தைக் குத்தகைன்னா கையில பேப்பர் இருக்காது. பேப்பர் இல்லைன்னா பயிர்க்கடன் சிக்கல், இன்ஷூரன்ஸ் சிக்கல், வெள்ள நிவாரணம் வந்தாலும் சிக்கல். எங்க வயலுக்குப் பக்கத்து வயல்காரர் அப்படித்தான். அவருக்கும் எனக்கும் ஒரே மழை, ஒரே தண்ணி, ஒரே சேதம். கணக்கெடுக்க வந்தப்போ என் அப்பா பேர்ல சிட்டா இருந்துச்சு, அவர்கிட்ட ஒண்ணும் இல்ல.

தண்ணியும் அப்படித்தான். கேம் குளத்துல எவ்ளோ மொண்டாலும் குறையாது. மேல்மடைக்காரன் அடைச்சுட்டான், கடைமடைக்கு வந்து சேரலைன்னு ராத்திரி டார்ச் லைட்டோட வாய்க்கால் கரையில நடக்கிற வேலை இல்ல. ஒரு கேம் டெவலப்பர் 'முறைத் தண்ணி'யை வெச்சு மல்ட்டிப்ளேயர் பண்ணினா, சண்டையில சர்வரே தாங்காது.

அப்புறம் உடம்பு. ஸ்டார்டியூல ஆரம்பத்துல 270 எனர்ஜி. மண்வெட்டியை ஒருதடவை போட்டா 2 குறையும். தூங்கி எழுந்தா திரும்ப நிரம்பிடும். இந்த 270-தான் என்னை ஒரு நோட்டு வாங்க வெச்சது. கேம்ல தினமும் ராத்திரி 'இன்னிக்கு வருமானம் இவ்வளவு'ன்னு ஒரு பட்டியல் வரும்ல, அந்தப் பழக்கத்துல நிஜ வயலுக்கும் எழுத ஆரம்பிச்சேன். உழவு, நாத்து பறி, நடவு, களை, உரம், மருந்து, அறுப்பு, ஏத்துக்கூலி, டீ, வடை. எங்க வீட்டுல இதுவரைக்கும் யாரும் இப்படி எழுதினதில்ல. எழுதி முடிச்சப்போ அப்பா நோட்டை வாங்கிப் பார்த்தார். "இதுல நம்ம ரெண்டு பேர் கூலி எங்கடா?"ன்னார். எழுதலை. எனக்குத் தோணவே இல்ல.

அரசு விலை நிர்ணயிக்கிறப்போவும் இதே கேள்விதான் சண்டைக்கு நடுவுல இருக்கு. கையை விட்டுப் போன செலவு, அதோட குடும்பத்தோட உழைப்பு, ரெண்டையும் சேர்த்து ஒரு கணக்கு. சொந்த நிலத்தோட வாடகை, முதலுக்கு வட்டியெல்லாம் சேர்த்தா இன்னொரு பெரிய கணக்கு. மத்திய அரசு முதல் கணக்கு மேல ஒன்றரை மடங்கு தருது. 2025-26-க்கு ஒரு குவின்டால் நெல்லுக்கு அந்தச் செலவு 1,579 ரூபாய்னு வெச்சு, பொது ரகத்துக்கு ஆதார விலை 2,369 ரூபாய்னு அறிவிச்சாங்க. பெரிய கணக்கு மேல ஒன்றரை மடங்கு வேணும்கிறது விவசாயச் சங்கங்களோட கோரிக்கை. செய்தியில 'சுவாமிநாதன் கமிஷன்'னு காதுல விழுந்தா, பேச்சு இதைப் பத்தித்தான்.

அந்தப் படுதாவுக்கு அடியில இருந்த நெல்லு என்ன ஆச்சுன்னு கேக்குறீங்களா? அஞ்சாம் நாள் எங்க முறை வந்துச்சு. ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்குள்ள இருக்கணும், மெஷின் அதுக்கு மேல காட்டுச்சு. திரும்ப அள்ளிட்டுப் போய் ரோட்டுல ரெண்டு நாள் பரப்பிக் கிளறிக் கிளறிக் காயவெச்சோம். பெரும்பகுதி எடை போட்டாச்சு. குவியலோட அடியில இருந்தது முளைவிட்டுடுச்சு, அதைத் தனியார் ஒருத்தருக்குக் கேட்ட விலைக்குக் கொடுத்தோம். என் கூலியை எழுதாம இருந்தா நோட்டுல கொஞ்சம் லாபம். எழுதினா நட்டம். அப்பா எழுதச் சொன்னார்.

சரி, ஆசை வந்துடுச்சு. என்ன பண்ணலாம்?

கேம் விளையாடி நிஜமாவே மண்ணைத் தொடணும்னு தோணினா வேலையை விட வேண்டாம், குத்தகைக்கும் பார்க்க வேண்டாம். ஒரு 20 லிட்டர் பெயின்ட் வாளி போதும். ஓட்டை போடாதீங்க, நெல்லுக்குத் தண்ணி நிக்கணும். வாளியை நல்லாக் கழுவிட்டு முக்கால்வாசிக்குக் களிமண் கலந்த மண்ணும் கொஞ்சம் தொழுவுரமும். கோ 51 மாதிரி குறைஞ்ச நாள் ரகத்துல பத்து விதையை முளைக்கவெச்சு, ரெண்டு வாரத்து நாத்தா இருக்கும்போது நல்லா இருக்கிற ஒண்ணை மட்டும் நடுவுல நடுங்க. மண்ணுக்கு மேல ரெண்டு விரக்கடை தண்ணி. நாள் முழுக்க வெயில் படுற மொட்டை மாடி. கொசு வராம இருக்க ரெண்டு கப்பி மீனை விட்டுடுங்க. கதிர் வந்ததும் கொசுவலைத் துணி ஒண்ணு கட்டாயம், இல்லைன்னா குருவிக்குத்தான் பொங்கல். ஒரு நாத்துலேருந்து இருபது முப்பது தூர் வெடிக்கிறதைப் பார்க்கிறது எந்த கேம்லயும் கிடைக்காத சந்தோஷம். கிடைக்கிறது ஒரு கைப்பிடி அரிசிதான்.

அதுக்கு மேலயும் ஆர்வம் இருந்தா உங்க மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துல பயிற்சிகள் நடக்கும். தமிழ்நாடு அரசோட 'உழவன்' செயலியில வானிலை, மானியம், சந்தை விலை எல்லாம் பார்க்கலாம். கேம் திறக்கிற போன்லயே அதுவும் ஓடும்.

போன மாசம் ஊருக்குப் போனப்போ அப்பா போன்ல 'ஹே டே' போட்டுக் கொடுத்தேன். கடையில விலையை நாமளே வைக்கலாம்னு சொன்னதும் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு உட்கார்ந்தார். பத்து கோதுமைக்கு கேம் அனுமதிக்கிற உச்ச விலை 36 காசு. அதையே வெச்சார். விளம்பரம் போடணும்னு நான் சொல்லலை. ரெண்டு நாளா யாரும் வாங்கலை. மூணாவது நாள் காலையில டீயைக் குடிச்சுக்கிட்டே, "சரி, கொஞ்சம் குறைச்சுப் போடு"ன்னார்.